மூன்றாம் பாட்டுக்கு முன்னால் ஓர் இருமல்

அன்னூரில் அந்த வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது மதியம்தான். ஆனால் வானம் இருட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் என் தங்கை லோகப்பிரியாவின் கணவர் மனோஜ்குமார், மடியில் காலி அட்டைப்பெட்டியும் இரண்டு தலையணைகளுமாக உட்கார்ந்திருந்தார். இசைத்தட்டைப் பஸ்ஸில் கொண்டுவந்தால் அதிருமாம். அதற்காக நான் கடையைச் சாத்திவிட்டு டிரைவர் வேலை பார்த்தேன்.

மாப்பிள்ளையின் பைத்தியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கணபதி பகுதியில் பம்ப் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். ஓடுகிற மோட்டார்மேல் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, பிடியில் காதை வைத்து, பேரிங் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். அந்தக் காதுக்குக் கூடுதலாகத் தீனி வேண்டியிருந்தது. கம்பெனி போட்ட தட்டுகளை அவர் சீந்தமாட்டார். நடக்கிற கச்சேரியை யாரோ ஒருவர் அனுமதி கேட்காமல் பதிவு செய்து, பிறகு திருட்டுத்தனமாகத் தட்டாக வெட்டியிருக்க வேண்டும். அதுதான் அவருக்குத் தங்கம்.

இதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தட்டைக் கேட்டு மார்க் போடுவார்கள். மேடை மிக்ஸரிலிருந்து வயர் இழுத்து எடுத்த பதிவென்றால் ஏ. கூட்டத்துக்குள் மைக்கை ஒளித்து எடுத்தது பி அல்லது சி; வேறு சத்தமே கலக்காவிட்டால் அபூர்வமாக அதற்கும் ஏ. கைதட்டலும் குழந்தை அழுகையும் பாட்டைத் தின்றுவிட்டால் டி. டி வாங்கிய தட்டைப் பற்றிப் பேசும்போது மாப்பிள்ளையின் முகம் இழவு வீட்டுக்குப் போய்வந்த மாதிரி இருக்கும். என் காதுக்கு எல்லாம் ஒன்றுதான். அதனால்தான் என்னைக் கூட்டிப்போவார் என்று நினைக்கிறேன். எதிர்த்துப் பேசமாட்டேனே.

கதவைத் திறந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். பெயர் கயல்விழி. சாமான்கள் எல்லாம் ஏற்கெனவே திருப்பூருக்குப் போய்விட்டன. காலி வீட்டில் எங்கள் செருப்புச் சத்தம்கூடத் திரும்பி வந்தது. எங்கிருந்தோ நீலகிரித் தைல வாசனை அடித்தது, சற்று முன்தான் யாரோ நெஞ்சில் தேய்த்துக்கொண்டது போல.

அவளுடைய காலமான அப்பா வேலுமணி மைக்செட் வைத்திருந்தவர். ஊர் நோம்பித் திருவிழாவுக்கு வந்த பாட்டுக் கச்சேரியை அவர் கூட்டத்தில் உட்கார்ந்து பதிவு செய்து, மெட்ராசில் யாரையோ பிடித்து ஒரே ஒரு தட்டாக வெட்டிக்கொண்டு வந்திருந்தார். உலகத்தில் வேறு பிரதி கிடையாது.

"அப்பா இதப் பாட்டுக்காகப் போட்டதில்லீங்க," என்றாள் கயல்விழி. "மூணாம் பாட்டுக்கு முன்னாடி எங்கம்மா இருமும். காளியாத்தாள்னு பேரு. மைக்குக்குப் பக்கத்துல உக்காந்து தண்ணி கேட்டுச்சு. எந்திரிச்சா பதிவு கெட்டுப்போகும்னு, பேசாம இருன்னு அப்பா கையக் காட்டிப்போட்டாரு. கச்சேரி முடியறதுக்குள்ள அம்மா உசுரு போயிருச்சுங்க."

அவள் சமையற்கட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அதுக்கப்பறம் தினமும் பொழுதோட இதப் போட்டு, பக்கத்துல ஒரு சொம்புத் தண்ணி வெச்சிருவாரு. போடாத அன்னைக்கு..." குரலைத் தாழ்த்தினாள். "சமையக்கட்டுல இருமுமுங்க."

"அப்பறம் எதுக்குங்க எங்களுக்குக் குடுக்கறீங்க?" என்றேன்.

"நான் போற ஊட்டுல பிளேயர் வெக்க எடமில்லீங்களே. நீங்க போட்டுக் கேக்கறவங்க. காசெல்லாம் வேண்டாமுங்க. தண்ணி மட்டும் வெச்சுருங்க. அம்மா அந்தத் தட்டுலயே உக்காந்திருக்கட்டும்."

மாப்பிள்ளை காதில் இது எதுவும் விழவில்லை. தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "கீறலே இல்ல மச்சான்," என்றார், கண் கலங்க.

அன்று மாலையே மாப்பிள்ளை வீட்டில் போட்டோம். முதல் பாட்டு முடிவதற்குள் மைக் மூன்றாவது வரிசையில் இருந்தது என்றும், இடப்பக்கம் ஜெனரேட்டர் ஓடியது என்றும் மாப்பிள்ளை கண்டுபிடித்துவிட்டார். இரண்டாம் பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியது. ஒரு அமைதி. அதில் கண்ணாடி வளையல் உரசியது. ஆழமான இருமல். பிறகு மிக அருகில், கரகரத்த குரலில்:

"ஏனுங்க... தண்ணி."

லோகா சமையலறைக்குப் போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பிளேயர் பக்கத்தில் வைத்தாள். நான் கயல்விழி சொன்னதை அவளிடம் சொல்லியிருந்தேன்.

"பிளேயர்கிட்டத் தண்ணியா? அறிவிருக்குதா உனக்கு?" என்று மாப்பிள்ளை பதறி, சொம்பைத் தூக்கி வெளியே வைத்தார். "அருமையான பதிவு மச்சான். இந்த இருமல் மட்டும் இல்லீன்னா ஏ. இப்போதைக்குப் பி."

"பாவமுங்க அந்தம்மா," என்றாள் லோகா.

அந்த வாரம் முழுக்க அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தார். தட்டைப் பதிவேற்றி, இருமலையும் வளையலையும் குரலையும் மயிரிழை மயிரிழையாகப் பிடுங்கி எடுத்தார். குழுவில் அனுப்பினார். எல்லோரும் ஏ போட்டார்கள். அதைக் கொண்டாட என்னை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்.

சாப்பிட்டுவிட்டு, அசல் தட்டைப் போட்டார். எடுத்ததற்கும் எடுக்காததற்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குக் காட்ட வேண்டுமாம். இரண்டாம் பாட்டு முடிந்தது. கைதட்டல் அடங்கியது.

அமைதி.

மூன்றாம் பாட்டு தொடங்கியது.

மாப்பிள்ளை ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தார். மறுபடியும் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரில் அழித்தால் தட்டில் எப்படி அழியும்? பிடுங்கியதைத் தனி ஃபைலாக வைத்திருந்தார். அதைப் போட்டார். அதுவும் வெறும் அமைதியாக ஓடி முடிந்தது.

அப்போது சமையலறையில் யாரோ இருமினார்கள்.

லோகா எங்கள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

என் கை தானாக அவள் கையைப் பிடித்துக்கொண்டது. நாங்கள் போய்ப் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை. தைல வாசனை மட்டும் இருந்தது. நிரப்பி வைத்திருந்த குடம் காலியாக, அடியில் ஈரம்கூட இல்லாமல் இருந்தது.

"இந்தச் சனியன இப்பவே கொண்டுபோய்க் குடுத்துப்போடலாம் மாப்ள," என்றேன். கயல்விழியின் ஃபோன் அணைந்து கிடந்தது. மறுநாள் அன்னூருக்கு நான் மட்டும் போனேன். வீடு பூட்டியிருந்தது. திரும்பி வந்தபோது லோகா இருமிக்கொண்டிருந்தாள்.

"சளிதான் அண்ணா," என்றாள். பிறகு மாப்பிள்ளை அந்தப் பக்கம் போனதும் மெதுவாகச் சொன்னாள்: "நான் உக்கார்ற எடத்துல எல்லாம் பக்கத்துல யாரோ உக்கார்றாங்க. தள்ளி உக்காந்தா, அவங்களும் நகந்து வர்றாங்க. எனக்கு எடமே இல்லாமப் போகுது அண்ணா."

"நம்ம ஊட்டுக்கு வந்துரு அம்மணி."

"அவர எப்படித் தனியா உட்டுட்டு வர்றது? ஞாயித்துக்கிழமை வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் கூட்டிவரப் போனேன். அவள் பையெல்லாம் கட்டி வாசலில் வைத்திருந்தாள். காபி போட்டுத் தருகிறேன் என்று உள்ளே போனாள். மாப்பிள்ளை கெஞ்சினார்: "ஒரே ஒரு தடவ மச்சான். அந்தம்மா தட்டுக்குத் திரும்பிப் போயிருந்தா எல்லாஞ் சரியாயிரும்ல? கேட்டுப் பாத்துடலாம்." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உட்கார்ந்தேன். உட்கார்ந்திருக்கக் கூடாது.

இரண்டாம் பாட்டு முடிந்தது. கைதட்டல் அடங்கியது.

வளையல் உரசியது.

இருமல்.

"ஏனுங்க... தண்ணி."

மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. "வந்திருச்சு மச்சான்!" என்று கிசுகிசுத்தார். நான் வாயைத் திறக்கப்போனேன். பேசாதே என்று வலது கையைத் தூக்கிக் காட்டினார். மறுபடி இருமல். மறுபடி அந்தக் குரல், இன்னும் மெலிந்து. எனக்கும் அத்தனை நிம்மதியாக இருந்தது. தூக்கிய கை தூக்கியபடியே இருக்க, நாங்கள் இருவரும் அசையாமல் கேட்டோம்.

மூன்றாம் பாட்டு தொடங்கியது. தூக்கிய கை மெதுவாகக் கீழே இறங்கியது. மோட்டார் பேரிங்கையே கண்டுபிடிக்கிற அந்தக் காது, பிந்தித்தான் கண்டுபிடித்தது.

"மச்சான்," என்றார். "அது ஸ்பீக்கர்ல வரல."

ஓடினோம்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது. லோகா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குடத்தை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். தொண்டை ஏறி ஏறி இறங்கியது. புடவை முழுக்க நனைந்துவிட்டது. குடம் தீர்ந்ததும் கீழே வைத்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்து, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தன வருசத்துத் தாகமுங்க," என்றாள், கரகரத்த குரலில்.

பிறந்ததிலிருந்து என் தங்கை என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

டாக்டர்கள் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். சமைக்கிறாள், துவைக்கிறாள். என்னைப் பார்த்தால் அந்நிய ஆணைப் பார்த்தது போல முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "உக்காருங்க," என்கிறாள். பக்கத்தில் வந்தால் தைலம் மணக்கிறது. என் அம்மா வயிற்றில் பிறந்தவளின் முகம் அது. பார்க்க முடியாமல் நான் அங்கே போவதையே விட்டுவிட்டேன்.

போன வாரம் மாப்பிள்ளைதான் ஃபோனில் அழுதார். போனேன். பட்டறையை மூடிவிட்டாராம். மழிக்காத முகம். பிளேயர் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருந்தது. மார்க் பற்றியெல்லாம் அவர் பேசவில்லை. "கேளுங்க மச்சான்," என்று மட்டும் சொல்லி ஊசியை வைத்தார்.

இரண்டாம் பாட்டு முடிந்தது. கைதட்டல் அடங்கியது. இருமல். பிறகு அவள் குரல். லோகாவின் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல அத்தனை சுத்தமாக.

"ஏனுங்க... தண்ணி."

மாப்பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "தெனமும் இதோட நின்னுரும் மச்சான்," என்றார். "இதோட பாட்டு ஆரம்பிச்சுரும்."

பாட்டு ஆரம்பிக்கவில்லை. ஊசி ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ செருமினார்கள். ஜெனரேட்டர் ஓடியது. சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது. அங்கேயும் யாரோ காது கொடுத்துக் கேட்டார்கள்.

"அண்ணா," என்றது தட்டு. "நீயாச்சும் எந்திரி."

எழுந்துவிட்டேன். சொம்பு என் கையில் இருந்தது. அதைத் தட்டின் பக்கம் நீட்டுவதா, சமையலறைப் பக்கமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருக்கும்போதே, மூன்றாம் பாட்டு தொடங்கிவிட்டது.