தண்ணீர் குடிக்காத துணி

"என் கூடப் பிறந்தவன்தான் இதைச் செஞ்சிருக்கான். அவன் வாயால ஒத்துக்க வெச்சுக் கொடுங்க, போதும்" என்றாள் வந்தவள், நின்றபடியே.

தங்கைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவோடு துப்பறியும் தொழிலுக்கு வந்ததிலிருந்து, குற்றவாளியையும் கையோடு காட்டிக் கொடுத்த கட்சிக்காரர் இவள் ஒருத்திதான். அக்கா மட்டும் நிதானமாக, "முதல்ல உட்காருங்க. என்ன கெட்டுப் போச்சு?" என்றாள்.

"என் கொழுந்தன் பேரு கெட்டுப் போச்சுங்க."

அவள் கணவர் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறார். அடிப்பவன் கொழுந்தன்; அப்படியொரு கை அவனுக்கு. சீக்கிரமே தனிப் பட்டறை போடப் போகிறான். அந்த நேரம் பார்த்து, அவன் அடிக்கிற வண்டியிலெல்லாம் பெயிண்ட் பரவாமல் அங்கங்கே விலகிக்கொண்டு, அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக நிற்கிறது. வண்டிக்காரர்கள் வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள்.

"இன்னும் ஒண்ணு கெட்டா இந்தத் தொழிலையே விட்டுடறேன்னு உட்கார்ந்திருக்கான். தேய்ச்சு, துடைச்சு அவன் கையில கொடுக்கறது என் தம்பி. அவன் தலையைப் பார்த்தீங்கன்னா எண்ணெய் வழியும். பெயிண்ட் அடிக்கற வேலை தனக்கு வரணும்னு கெடுக்கறான், படுபாவி!"

"எண்ணெய்த்தலை! முடிஞ்சுது கேஸ்" என்றாள் தங்கை.

"உனக்கு முடிஞ்சுது" என்றாள் அக்கா.

வந்தவளை முன்னால் அனுப்பிவிட்டு, தூறலில் அக்காவும் தங்கையும் ஸ்கூட்டரில் போய் இறங்கினார்கள். பட்டறை வாசலில் இன்னொரு பழைய ஸ்கூட்டர் நின்றது. அதன் மேல் மழைநீர் முத்து முத்தாக உருண்டு நிற்பதைத் தங்கை ரசித்தாள். அவர்களுடைய வண்டி முழுக்க ஈரம் அப்பிக் கிடந்தது. உள்ளே நுழையும் இடத்தில் சிவப்பு எழுத்தில், 'பாலிஷ் உள்ளே வரக்கூடாது' என்று எழுதியிருந்தது.

"பாலிஷ் பட்ட இடத்துல பெயிண்ட் உட்காராதும்மா" என்று பட்டறைக்காரரே விளக்கினார். நல்ல வாட்டசாட்டமான ஆள். "என் ஸ்கூட்டருக்குக்கூட நான் போட்டதில்லை. மழை கழுவினா உண்டு."

எண்ணெய்த்தலை மூலையில் முறைத்துக்கொண்டு நின்றான். "என் அக்கா புண்ணியத்துல நான் திருடனாயாச்சு" என்றான். அவன் பார்வை தங்கைக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அன்று பெயிண்ட் அடிக்க வேண்டிய கார்க் கதவு ஒன்று தயாராக இருந்தது. அக்கா அதன் மேல் தண்ணீர் தெளித்தாள். தண்ணீர் மெல்லிய படலமாகப் பரவியது. ஆனால் நடுவில், ஒரே வீச்சில் கை போன மாதிரி ஒரு வளைவு. அங்கே மட்டும் தண்ணீர் சுருங்கித் துளித் துளியாக நின்றது.

"பார்த்தியா, எண்ணெய்!" என்று குதித்தாள் தங்கை.

அக்கா எண்ணெய்த்தலையைக் கூப்பிட்டு, தலையைத் தொட்ட விரலைக் கதவின் ஓரத்தில் அழுத்தச் சொன்னாள். அங்கும் தண்ணீர் ஒட்டவில்லை. பிறகு இரண்டு இடத்தையும் பெயிண்ட் கரைக்கிற தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு மறுபடி தெளித்தாள். விரல் பட்ட இடத்தில் தண்ணீர் ஒழுங்காகப் பரவியது. வளைவில் மட்டும் பிடிவாதமாக உருண்டது.

"தலை எண்ணெய் தின்னருக்குப் போயிடுது. இது போகலை. இது வேற ஏதோ" என்றாள். ஓரமாக உட்கார்ந்திருந்த கொழுந்தனைப் பார்த்து, "இவர் துடைச்சதுக்கப்புறம் யார் கை படும்?" என்று கேட்டாள்.

"யாருமில்லைங்க. அண்ணன் மட்டும் தூசி இருக்கான்னு கடைசியா ஒரு துடை துடைப்பார். நான் தொழில் பழகின நாள்லேர்ந்து அப்படித்தான்."

அக்கா பெருமூச்சு விட்டாள். "ஆள் யாருன்னு பிடிபடலை. மன்னிச்சிடுங்க, கிளம்பறோம்." தங்கைக்கு மானமே போயிற்று. வாசலுக்கு வந்ததும் அக்கா, "சீட்டெல்லாம் ஈரம். ஒரு துணி கிடைக்குமா?" என்றாள்.

"அதுக்கென்னம்மா!" பட்டறைக்காரர் விட்டால் போதும் என்ற நிம்மதியில் அங்கே நின்ற தன் பழைய ஸ்கூட்டரின் பெட்டியைத் திறந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து நீட்டினார்.

அக்கா சீட்டைத் துடைத்தாள். துணி தண்ணீரை அந்தப் பக்கம் தள்ளியது, இந்தப் பக்கம் தள்ளியது, ஒரு சொட்டுகூட உறிஞ்சவில்லை. எல்லோரையும் வெளியே வரச் சொல்லிவிட்டு, துணியை விரித்து மழையில் பிடித்தாள். அதன் மேலும் துளிகள் உருண்டு ஓடின.

"துடைக்கிற துணின்னா தண்ணியைக் குடிக்கணும். இது பாலிஷ் குடிச்ச துணி; தின்னருக்கும் போகாதது அதுதான். மழை மட்டுமே கழுவற வண்டி மேல தண்ணி இப்படி முத்து முத்தா நிக்காதே ஐயா? வெளியில உங்க வண்டிக்குப் பாலிஷ் போடறீங்க. அதே துணியால உள்ளே வந்து கடைசித் துடை துடைக்கறீங்க."

"தெரியாம... துணி மாறியிருக்கும்" என்றார் பட்டறைக்காரர்.

"அந்தச் சிவப்பு எழுத்து யார் எழுதினது?"

எல்லோரும் பட்டறைக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அது அவர் கையெழுத்து என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"பேரு கொஞ்சம் கெட்டா புதுப் பட்டறைக்கு எவனும் வண்டி விடமாட்டான்... இவன் இங்கேயே இருந்துடுவான்னு நெனச்சேன்" என்றார் கடைசியில். "தூக்கி வளர்த்த பிள்ளைம்மா. அவன் போயிட்டா இந்தப் பட்டறையில எனக்கு என்ன இருக்கு?"

கொழுந்தன் அவரையே பார்த்தான். "என் கை போச்சுன்னு நெனச்சு நான் தூங்கவே இல்லைண்ணா. 'இருடா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இருந்திருப்பேனே." செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கி நடந்தான்.

பட்டறைக்காரரின் மனைவி தன் தம்பி பக்கம் திரும்பினாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். "விடுக்கா" என்றான் எண்ணெய்த்தலை.

பட்டறைக்காரர் மஞ்சள் துணியை அக்காவிடமிருந்து வாங்கி முகத்தைத் துடைக்கப் போனார். மனைவி அதை வெடுக்கென்று பிடுங்கி எறிந்தாள்.

"அது எதையும் துடைக்காது. போங்க, போய் அவனைக் கூப்பிடுங்க."

அவர் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.