ஒரு நிமிட வலி

“இல்லாத கால் எப்படிம்மா வலிக்கும்?”

சுடர் ஐந்து வயதில் கேட்ட கேள்வி இது. நவமணிக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. இன்று சொல்ல வேண்டியதே இல்லை. மகளுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது. தொப்பியை மாட்டிக்கொண்டு தானே தெரிந்துகொள்வாள்.

செவ்வாயின் தென்குடியேற்றத்தில் அன்று வாக்குப்பதிவு. பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பறையில், கரும்பலகைக்குக் கீழே நவமணியை உட்கார வைத்திருந்தார்கள். அவள் பிடரியில் பதித்திருந்த வலிப்பகிர்வியிலிருந்து ஒரு கம்பி எதிர் நாற்காலியில் தொங்கிய தொப்பிக்குப் போயிற்று. பனிப்பாறைகளுக்காக வடகுடியேற்றத்தோடு நடந்த போர் ஓய்ந்ததும் போட்ட சட்டம் அது. இனி போர் வேண்டுமா, வேண்டாமா என்று வாக்களிக்கும் எவரும் தன் வட்டாரத்து அடிபட்ட வீரர் ஒருவரின் வலியை முதலில் ஒரு நிமிடம் அனுபவித்தாக வேண்டும். தொப்பி வலியைப் பிரதி எடுக்கும். உரியவரிடமிருந்து இம்மியும் குறைக்காது.

இப்போது மறுபடியும் பனித் தகராறு. சட்டம் வந்தபின் இதுதான் முதல் வாக்கெடுப்பு.

“ஒரே ஊசிதான், நரம்பு முடிச்சு கரைஞ்சிடும். நிம்மதியாத் தூங்கலாம்” என்று மருத்துவர் எப்போதோ சொல்லிவிட்டார். கூடப் போருக்குப் போனவர்கள் எல்லாரும் போட்டுக்கொண்டார்கள். அந்த வட்டாரத்தில் மிச்சமிருந்தது நவமணியின் வலி மட்டும். அதையும் கரைத்துவிட்டால் ஊருக்கு எதைக் காட்டுவது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஊர் என்று அவள் நினைத்ததில் பாதிக்கு மேல் சுடர்தான். போர் வந்தால் முதலில் கூப்பிடுவது அந்த வயதுப் பிள்ளைகளைத்தான்.

காலையிலிருந்து வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. உட்கார்ந்தார்கள், நெளிந்தார்கள், அழுதார்கள். வெளியே நீர்மோர் கொடுத்தார்கள்.

“என் பல்வலியே இதைவிட மோசம்” என்றாள் ஒருத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“உனக்கு எல்லாமே பெரிசுதான், போ” என்றாள் பின்னால் நின்றவள்.

தண்ணீர்க் கூட்டுறவில் வேலை பார்க்கும் தணிகைநாதன் தொப்பியைக் கழற்றிவிட்டு அவளுடைய உலோகக் காலை வெறித்துப் பார்த்தார். “உன்னை இப்படிப் பண்ணினவங்களைச் சும்மா விடுறதா, தாயி?”

நவமணி அவசரமாகத் தலையை ஆட்டினாள். “அது வடக்கத்திக்காரங்க வெடி இல்லண்ணே. நாமளே புதைச்சது. இருட்டுல நான்தான் தெரியாம மிதிச்சிட்டேன்.”

“அவங்களாலதானே புதைக்க வேண்டி வந்துச்சு” என்று சொல்லிவிட்டு, அவர் விறுவிறுவென்று வாக்குப் பொறியிடம் போனார்.

மதியத்துக்கு மேல் சுடர் வந்தாள். அந்த ஒரு நிமிடம் முழுக்க நவமணி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்தது, கண்ணில் நீர் கோத்தது. தொப்பியைக் கழற்றிவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரித் தரையில் உட்கார்ந்து அம்மாவின் உலோக முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

“இத்தனை வருஷமா இதையா வச்சிருந்தே?”

“போடி, பழகிடுச்சு” என்றாள் நவமணி. புரிந்துவிட்டது, இனி இவளைப் பற்றிக் கவலையில்லை என்று நினைத்தபோது, வலிக்கு நடுவிலும் அவளுக்குத் தூக்கம் வருகிறாற்போல் இருந்தது.

சாயங்காலம் பொறி முடிவைச் சொன்னது. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் போர் வேண்டும் என்றிருந்தார்கள். வெளியே கைதட்டல் கேட்டது. வாக்குச்சாவடி அதிகாரி அவள் பிடரியிலிருந்து கம்பியைக் கழற்றினார். “பக்கத்து வட்டாரத்துல எல்லாரும் ஊசி போட்டுக்கிட்டதால தொப்பிக்கு ஆளே இல்ல. அங்க பாதிக்குப் பாதிதான் வந்திருக்கு. எல்லாம் உங்க புண்ணியம்மா.”

நாலாம் வகுப்பறையில் அதற்குள் ஆள்சேர்ப்பு மேசை போட்டாயிற்று. நவமணி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆள்சேர்ப்பு வரிசையில் மூன்றாவதாக நின்றாள் சுடர்.

“சுடர், வீட்டுக்குப் போகலாம் வா. நாளைக்கு நான் ஊசி போட்டுக்கறேன். எனக்கு வலிக்காதுடி.”

சுடர் திரும்பி அம்மாவின் காலைப் பார்த்தாள். காலையில் தணிகைநாதன் பார்த்த அதே பார்வை. வரிசை நகர்ந்தது. அவள் உள்ளே போனாள்.