கம்பளத்தில் ஆறு குழிகள்

போன வாரம் விரித்த புதுக் கம்பளத்தில் குழிகள் விழுந்திருந்தன. இந்த அறையில் ஒரு நாற்காலிகூடப் போட்டதில்லை, நீங்கள்தான் முதல் குடித்தனம் என்று வீட்டுக்காரர் சாவி கொடுக்கும்போதே சொல்லியிருந்தார். ஆனாலும் சுவரை ஒட்டி, ஒரு நீள்சதுரத்தின் நான்கு மூலைகளாக, பெரும்பாரம் ஒன்று பல வருஷம் நின்றுவிட்டுப் போனது போல நான்கு குழிகள் அழுந்திக் கிடந்தன.

அவன் கட்டட வரைபடம் போடுகிறவன். கோடு மயிரிழை கோணினாலும் சோறு இறங்காது. டேப்பை எடுத்து அளந்து பார்த்தான். மீன்தொட்டிக்காக அவனே வரைந்து கொடுத்து, வெல்டர் செய்து தந்த இரும்பு ஸ்டாண்டின் அளவு அப்படியே இருந்தது. வெல்டர் கைமறதியாகப் பின்கால் ஒன்றுக்கு மட்டும் பெரிய தகடு வைத்துவிட்டார். அந்த மூலைக் குழியும் மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்தது. இன்னொருமுறை அளந்தான். பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டான். பழம் நழுவிப் பாலில் விழுந்தால் யாராவது வேண்டாமென்பார்களா? ஸ்டாண்டை நகர்த்திக் குழிகளில் இறக்கினான். கச்சிதமாக உட்கார்ந்தது.

முன்கால் இரண்டுக்கும் எதிரே இன்னும் இரண்டு குழிகள் இருந்தன. விரித்த கையளவு, ஐந்தாகக் கிளை பிரிந்தவை, அவ்வளவாக ஆழமில்லை. வலப்பக்கத்தது சிறியது, அதன் ஓரத்தில் ஒரு கிளை மட்டும் மற்றவற்றை விட்டு விலகிக் கோணியிருந்தது. பாதத்தால் தேய்த்துப் பார்த்தான். படுத்த இழைகள் எழவில்லை.

தொட்டிக்கு மீன் வாங்கக் கிளம்பிய மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நான் வர்ற வரைக்கும் தண்ணி ஊத்தாதீங்க. ஆப்பசைச்ச குரங்கு கதையாயிடப் போகுது."

"நீ எதையும் தொடாம இரு, அது போதும். நானே பாத்துக்கறேன்," என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து இதே பல்லவிதான். ஒருமுறை பீரோவை நகர்த்தும்போது அவள் கைகொடுக்க வந்தாள். "விடு, விடு" என்று இவன் வெடுக்கென்று இழுத்ததில் அவளுடைய சுண்டுவிரல் கதவிடுக்கில் சிக்கி, கட்டுப்போட்டும் நேராகாமல் கோணியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகாவது திருந்தினாரா என்று மாமியார்கூடக் கேட்டுவிட்டார். திருந்தவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பகலிலேயே அறை இருட்டிவிட, சாத்திய ஜன்னலுக்குள் ஈரக் கம்பளியின் வாடை மெல்ல எழுந்து மூக்கைப் பிடித்தது. குளியலறைக் குழாயிலிருந்து ரப்பர் ட்யூபில் வந்த தண்ணீர் தொட்டிக்குள் கொளகொளவென்று ஏறியது. ஏற ஏற, இரும்பு எங்கேயோ உள்ளுக்குள் பல்லைக் கடித்துக்கொள்வது போல ஒரு சத்தம் கேட்டது. நிரம்பிய பிறகுதான் கவனித்தான். கண்ணாடியின் முன்பக்கம் தண்ணீர் ஏறியும் பின்பக்கம் இறங்கியும் நின்றது. சுவரோரமாகக் கம்பளத்தை இழுத்துப் பிடிக்க அடியில் ஆணிக்கட்டை அடித்திருப்பார்கள். பின்கால்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டன. முன்கால் இரண்டுக்கும் ஆப்பு வைத்தாக வேண்டும்.

தண்ணீரை இறக்கிவிட்டுத்தான் ஆப்பு வைக்க வேண்டும் என்று தெரியாதவனில்லை. ஆனால் இறக்கிக்கொண்டிருக்கும்போது அவள் வந்துவிட்டால் சிரிப்பாளே. மட்டம் பார்க்க ரசமட்டத்தை ஸ்டாண்டின் கீழ்ச்சட்டத்தில் வைத்தான். மண்டியிட்டுக் குனிந்து, கடப்பாரையை இடது முன்காலுக்குப் பக்கத்தில் கொடுத்து நெம்பினான். கால் எழும்பியது. மர ஆப்பை உள்ளே தள்ளினான்.

கடப்பாரை வழுக்கியது.

முதலில் வலியே இல்லை. நான்கு விரல்களும் தகட்டுக்கு அடியில் இருந்தன. ஆப்பு எங்கேயோ தெறித்துவிட்டது. கடப்பாரை உருண்டு கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது. செல்போன் ஜன்னல் திட்டில். இழுத்துப் பார்த்தான். அப்போதுதான் வலி தோள்வரை ஏறியது, கத்தினான். மழைச் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

மூச்சு வாங்கியபடி குனிந்து பார்த்தான். அவனுடைய உள்ளங்கை, அந்தக் கையளவுக் குழிக்குள் இருந்தது. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

அப்புறம் இன்னொன்றும் புரிந்தது. கையின் கீழே கம்பளம் வெதுவெதுப்பாக இருந்தது. அடியிலிருந்து ஏதோ விரல்களைத் தடவிப் பார்த்தது. மெதுவாக. ஒவ்வொன்றாக. பிறகு பிடித்துக்கொண்டது.

அவன் அழுதான். வெட்கமில்லாமல், அம்மா அம்மா என்று அழுதான். கண்ணுக்கு நேரே ரசமட்டம் இருந்தது. குமிழ் கோட்டைத் தாண்டி இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. தொழில்புத்தி விடுமா, அந்த நிலையிலும் மனசு கணக்குப் போட்டது. இடப்பக்கம் விரல் கனத்துக்கு உயர்ந்துவிட்டது. வலப்பக்கமும் அதே கனம் உயர்ந்தால் மட்டம் சரி.

வலப்பக்கக் குழியைப் பார்த்தான். சின்ன உள்ளங்கை. கோணிய சுண்டுவிரல்.

அதுவரை அவள் எப்போது வருவாள் என்று கிடந்தவன், அவள் வரவே கூடாது என்று வேண்ட ஆரம்பித்தான்.

வாசலில் சாவி திரும்பியது.

"ஏங்க," என்று உள்ளே வந்தவள் மீன் பையைக் கீழே போட்டாள். "ஐயோ, விரல் நீலமாயிடுச்சே."

"கிட்ட வராதே. வெளிய போ. போய் யாரையாவது கூட்டிட்டு வா."

"மறுபடியும் ஆரம்பிக்காதீங்க."

"தண்ணியை இறக்கு முதல்ல. அந்தப் பக்கம் கை வைக்காதே. உன் கால்ல விழறேன்மா, தொடாதே."

"எப்பவும் இதையேதான் சொல்றீங்க." அவள் குரல் உடைந்தது. "தண்ணி வடியறதுக்குள்ள விரல் போயிடும். ஒரு நிமிஷம் பல்லைக் கடிச்சுக்குங்க. இந்தப் பக்கம் நான் தூக்கறேன்."

பீரோவைப் பற்றிச் சொன்னான். குழிகளைப் பற்றிச் சொன்னான். எல்லாம் அலறலாகத்தான் வந்தது. வலியில் பிதற்றுகிறார் என்று நினைத்திருப்பாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வலது முன்காலுக்கு எதிரே மண்டியிட்டாள். கையைக் கொடுத்தாள்.

தூக்க வேண்டியிருக்கவில்லை. வலது கால் தானாகவே எழும்பி, இடம் விட்டது. அவள் விரல்கள் உள்ளே போயின. கால் இறங்கியது.

 கீழே ஏதோ தன்னைத் தொட்டது போல, வாய் திறந்தபடி அவனைப் பார்த்தாள்.

குமிழ் நகர்ந்தது. மெல்ல, மிக மெல்ல வந்து, இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நின்றது. தொட்டிக்குள் தண்ணீர் கோடு கிழித்தாற்போல் நேரானது. பையிலிருந்து சிதறிய மீன்கள் கம்பளத்தில் துள்ளி அடங்கின. அவர்கள் இருவரின் மணிக்கட்டையும் சுற்றிப் படுத்திருந்த இழைகள், மழைக்குப் பிந்திய புல் மாதிரி, ஒவ்வொன்றாக எழுந்து நிற்கத் தொடங்கின.