அமர்ந்திருக்கும் பெண், முற்றுப்பெறாதது

அக்கா கல்யாணமாகி அந்த நகரத்துக்குப் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. கடைக்குப் போகிற வழி, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி, இவை தவிர வேறு தெரு அவளுக்குத் தெரியாது. அத்தான் கெட்டவர் இல்லை. "உனக்கெதுக்கு அலைச்சல்?" என்று ஒவ்வொரு முறையும் அன்பாகக் கேட்டே அவளை வீட்டில் உட்கார வைத்துவிடுவார். நான் போய் இறங்கிய மறுநாள், அவர் வேலைக்குக் கிளம்பியதும், அக்காவைக் கையோடு இழுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். ஊரில் இருக்கிற மியூசியம், ஓவியக்கூடம் எல்லாவற்றையும் பார்த்துவிடுவது என்று திட்டம். ஓவியம் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் பாடநோட்டின் ஓரமெல்லாம் முகமாக வரைந்து வைத்து அப்பாவிடம் அடி வாங்கியவள்.

முதலில் போன பெரிய மியூசியம் எனக்கு ஒத்துவரவில்லை. ஏ.சி. குளிரில் பல் தந்தியடித்தது. உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. ஒரு சுவரில் வெறும் சிவப்பைப் பூசி மாட்டியிருந்தார்கள். "இதுக்கா டிக்கெட்டு?" என்று கேட்டேன். அக்காவுக்குக் காதிலேயே விழவில்லை. கிட்டே வந்து பார், உள்ளே வேறு வேறு சிவப்பு இருக்கிறது என்று என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று. கால்வலியைப் பொறுத்துக்கொண்டேன்.

மதியம் அவள் ஆசைப்பட்டு ஒரு பழைய வீட்டுக்குப் போனோம். ஒரு ஓவியர் வாழ்ந்து செத்த வீடு. இப்போது அங்கே அவருடைய படங்களையே மாட்டிக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வெளியே நல்ல வெயில், பஸ் ஹாரன், பழரசக் கடையில் மிக்ஸி ஓடுகிற சத்தம். வாசல் தாண்டியதும் அத்தனையும் ஒரேயடியாக நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

உள்ளே பார்வையாளர் என்று வேறு யாரும் இல்லை. அறைக்கு அறை பெண்கள். எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாருக்கும் கை மடியில். அழகாகத்தான் வரைந்திருந்தார், குறை சொல்ல முடியாது. ஆனால் கன்னத்தில் கொசு கடித்தால் அடிக்கிற பெண் என்று ஒருத்தியையும் சொல்ல முடியவில்லை. அவர் எதிரே உட்காரும் பெண்கள் நாள் முழுக்க அசைய மாட்டார்கள், அந்தப் பொறுமைதான் அவர் ஓவியத்தின் உயிர் என்று சுவரில் ஒட்டியிருந்த குறிப்பு புகழ்ந்தது. பொறுமையாவது ஒன்றாவது, பயந்து செத்திருப்பார்கள் என்றேன். சத்தம் போடாதே என்று அக்கா அதட்டினாள்.

கடைசி அறை அவர் வேலை செய்த இடம். ஜன்னலுக்குக் கறுப்புத் திரை, ஒரே ஒரு மஞ்சள் விளக்கு. கயிறு கட்டித் தடுத்த பகுதியில், அவர் பெண்களை உட்கார வைத்த கைப்பிடி நாற்காலி. அதற்கு எதிரே, மரச்சட்டத்தில், அவர் கடைசியாக வரைந்த படம். அமர்ந்திருக்கும் பெண், முற்றுப்பெறாதது என்று அட்டை வைத்திருந்தார்கள். நீல உடை, மடியில் கோத்த கைகள், கழுத்து எல்லாம் இருந்தன. கழுத்துக்கு மேலே வெறும் துணி.

சாயம் கரைக்கிற டர்பன்டைன் எண்ணெய் வாசம் மூக்கில் ஏறியது. செத்து இத்தனை காலமானவரின் அறையில் அந்த வாசம் எப்படி இவ்வளவு பச்சையாக இருக்கிறது என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எனக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது, காவலுக்கு இருந்த அம்மாள் நடையில் என்னை நிறுத்தி, கூட வந்தவர் எங்கே என்று கேட்டாள். சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. அந்த அறையில் யாரையும் தனியாக விடுவதில்லையாம். அங்கே நிற்க வேண்டிய ஆள் சாப்பிடப் போயிருக்கிறாராம்.

"முன்னாடி ஒரு பொண்ணு அந்த நாற்காலியில உட்கார்ந்துட்டா," என்றாள், குரலைத் தாழ்த்தி. "தூக்கிட்டுத்தான் போனாங்க. உயிரோடதான் இருக்கா. ஊட்டினா சாப்பிடுறா, வச்ச இடத்துல இருக்கா. முகத்துல மட்டும் ஒண்ணுமே இல்ல. அவ முகம் படத்துல வந்திருந்துச்சு. மறுநாள் பார்த்தா சுரண்டிக் கிடக்கு. அவருக்குத் திருப்தி இல்ல போல."

நான் ஓடினேன்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

கைகள் மடியில் கோத்திருந்தன. செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்திருந்தாள்.

படத்தில் நெற்றி வந்திருந்தது. அக்காவின் நெற்றி, புருவத்துக்கு மேலே இருக்கும் தழும்போடு.

சரக். சரக்.

துணிமேல் தூரிகை உரசும் சத்தம். தூரிகை இல்லை. பிடித்த கையும் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கண் ஈரமாகத் திறந்தது.

"அக்கா, எந்திரி."

அவள் உதடு அசையாமல் பேசினாள். "அவர் திட்டுவாருடி."

"எவரு?"

பதில் என் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது. வயதான, பதவிசான ஆண் குரல். கோபமே இல்லை.

"அசையாதேம்மா. கொஞ்ச நேரம்தான்."

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு உயிர் போய் வந்தது. அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். சில்லென்று இருந்தது, அம்மிக்கல் கனம் கனத்தது. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், இம்மியும் நகரவில்லை. காவல்கார அம்மாள் நிலைப்படிக்கு வெளியே வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். உள்ளே வர அவளுக்குக் கால் எழவில்லை.

அக்காவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட அவள் கையைத் தூக்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் அப்பா. அப்புறம் அத்தான். இப்போது செத்துப்போன எவனோ ஒரு கிழவன். எல்லாரும் நல்ல வார்த்தைதான் சொல்கிறார்கள், எல்லாருக்கும் இவள் அசையாமல் இருக்க வேண்டும். பயம் போகவில்லை. ஆனால் ஆத்திரம் அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். தரையில் மண்டியிட்டு, குதிகால் தூக்கியிருந்த அவள் உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினேன். சின்ன வயதில் அவள் அப்பாவின் எதிரே தலை குனிந்து நிற்கும்போதெல்லாம் பின்னால் இருந்து நான் இடுப்பில் செய்த வேலை அது. அவள் சிரித்துத் தொலைப்பாள், இருவருக்கும் அடி விழும்.

பாதம் ஐஸாக இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

சரக். சரக். மூக்கு முடிந்துவிட்டது. மேலுதடு தொடங்கியது.

ஈர எண்ணெய் வாசம் என் கன்னத்தில் பட்டது. ஏதோ ஒன்று என் மோவாயைத் தொட்டுத் தூக்கியது. விளக்கின் பக்கம் என் முகத்தைத் திருப்பி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது.

"நீ வேண்டாம்," என்றது.

அந்த அவமானத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"போடா," என்றேன். விரலை நிறுத்தவில்லை.

அக்காவின் சுண்டுவிரல் துடித்தது.

குரல் மறுபடி அசையாதே என்றது. இந்த முறை பதவிசு கொஞ்சம் குறைந்திருந்தது. அக்கா மூக்கு வழியாக ஒரு சத்தம் விட்டாள். தோள் குலுங்கியது. அடக்கப் பார்த்தாள், பாவம், பழக்க தோஷம். பிறகு முடியாமல் வாய்விட்டே சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டு, நாற்காலி ஆட ஆடச் சிரித்தாள். படத்தில் பாதி வந்திருந்த வாய் இழுபட்டு ஒரு பக்கம் காதுவரை கோணிக்கொண்டது.

அசையாதே என்று அது கத்தியது. சுவரில் மாட்டியிருந்த சட்டங்கள் அதிர்ந்தன.

அக்கா எழுந்தாள்.

நான் அவளை வாசலுக்கு இழுத்தேன். வரவில்லை. வெறுங்காலோடு படத்தின் எதிரே போய் நின்று நிதானமாகப் பார்த்தாள். குரல் நடுங்கவில்லை.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கே," என்றாள், ஓவியர் நிற்க வேண்டிய காலி இடத்தைப் பார்த்து. "ஆனா முகம் என்னோடது."

உள்ளங்கையை வைத்து ஒரே இழுப்பாக இழுத்துத் துடைத்தாள். நெற்றி, கண், மூக்கு எல்லாம் சேறாகிவிட்டது. பக்கத்திலேயே தொடக் கூடாது என்று பலகை இருந்தது. காவல்கார அம்மாள் அத்தனையையும் பார்த்தாள். யாரையும் கூப்பிடவில்லை. கை துடைக்க ஈரத்துணி கொண்டுவந்து கொடுத்தாள்.

ரயிலில் வரும்போது, ஏன் போய் உட்கார்ந்தாய் என்று கேட்டேன். அக்கா நகக்கண்ணில் ஒட்டியிருந்த சாயத்தைச் சுரண்டினாள்.

"உட்காரும்மான்னு சொன்னாங்க. உட்கார்ந்துட்டேன். யாரு, எதுக்குன்னு கேட்கணும்னே தோணலடி."

அன்று ராத்திரி சாப்பாட்டில், இனிமேல் வாரம் ஒரு நாள் ஓவியம் பார்க்கப் போவேன் என்று அத்தானிடம் சொன்னாள். அவர் வழக்கம்போல அலைச்சல் என்று ஆரம்பித்தார். அலைந்தால்தான் எனக்கு நல்லது என்று சொல்லிவிட்டு அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். மனுஷன் அதைச் சாப்பிட்டார்.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம். எல்லாரும் டி.வி. முன்னால் இருந்தோம். ஏதோ சிரிப்பு நிகழ்ச்சி. அக்கா சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, பிள்ளைகளோடு போட்டி போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஈர எண்ணெய் வாசம் வந்தது.

அக்காவின் காதோர முடி தானாக ஒதுங்கியது. யாரோ விரலால் ஒதுக்கி விட்டாற்போல், மெதுவாக.

அத்தானுக்குக் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கும் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் கேட்டது.

"எங்கே விட்டோம்?"

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காத்திரு," என்றாள். "நான் இன்னும் சிரிச்சு முடிக்கல."