நூற்றுப் பதினெட்டாம் கிலோமீட்டரின் தண்ணீர் வண்டி

நிகாசியா தந்தி அறைக்குள் ஓடிவந்தபோது தந்திக்காரர் காசியானோ வெறும் மாத்தே தேநீர்க் குடுவையை உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான்கு நாளாக ஊரில் மாத்தேவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. கூடுதல் வண்டி கேட்டு அவர் தலைமையகத்துக்கு அனுப்பிய மூன்று தந்திகளுக்கும் பதில் இல்லை.

“அண்ணே, எம் புருசனை விளக்கு ரூம்ல போட்டுப் பூட்டிட்டாங்க! ராத்திரி காவலுக்கு இருந்தவரு தண்ணி வண்டிக் குழாயத் திறந்துவிட்டுட்டாராம். சாவி அவர்கிட்டதான இருந்துச்சுங்கறாங்க. வெளிய ஆம்பளைங்க கயிறோட நிக்கிறாங்க.” இடுப்பிலிருந்த பிள்ளை அழக்கூட இல்லை. அதற்கு உதடு வெடித்திருந்தது.

“பெலிசாரியோ குடிச்சிருப்பான்” என்றான் தண்டவாளக் கூலி ரூஃபோ. துப்புத் துலக்குவதென்றால் அவனுக்குச் சோறு வேண்டாம்.

“குடிக்கவும் தண்ணி வேணும்டா. வா” என்று காசியானோ எழுந்தார்.

அர்ஜென்டினாவின் உப்புக்காட்டில் தண்டவாளம் போட வந்தவர்கள் திரும்பிப் போகாமல் தங்கிய இடம் அது. பெயர் வைக்க யாருக்கும் நேரமில்லை. கிலோமீட்டர் எண்ணே ஊர்ப்பெயராயிற்று. கிணறு தோண்டினால் உப்புதான். முப்பது வருடமாக வாரம் ஒருமுறை ரயில் விட்டுப்போகும் தொட்டி வண்டிதான் எண்பது குடும்பத்துக்கும் உயிர். மறுநாள் காலை மணி அடிக்கும்வரை அதை யாரும் தொடக்கூடாது என்பது ஊர்க் கட்டு.

வண்டியின் குழாயடியில் மண் நனைந்து வழவழவென்று கிடந்தது. சுற்றிலும் காலிக் குடங்களோடு சனம்.

“நேத்து சாயங்காலம் வழிய வழிய வந்துச்சு. நானே மேல ஏறிப் பாத்தேன்” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர் லெடெஸ்மா. “ராத்திரியோட ராத்திரியா மொத்தமும் போச்சு.”

கால்களுக்கிடையே ஒரு ஆடு முண்டியடித்து ஈரத்தை நக்க வந்தது. ரூஃபோ காலை ஓங்கினான்.

“விடுடா. இப்பத்தான் வருதா அது?” என்றார் காசியானோ. ரூஃபோவின் கடப்பாரையை வாங்கி ஈரத்தில் குத்தினார். இரண்டு விரல் ஆழத்துக்குக் கீழே வெறும் புழுதி பறந்தது.

“இந்த ஊர்ல ஒருத்தன் மூஞ்சி கழுவினா ஆடு மோப்பம் பிடிச்சு வந்துரும். ராத்திரி முழுக்க இருபதாயிரம் லிட்டர் ஓடியிருந்தா இங்க குளம்புத் தடம்தான் இருக்கும். ஒண்ணுகூட இல்ல. மண்ணும் குடிக்கல, ஆடும் குடிக்கல. மணி அடிக்கிறதுக்குச் சித்த முன்னாடி யாரோ ரெண்டு வாளி ஊத்தியிருக்காங்க. வண்டி காலியாத்தான் வந்துச்சு.” அவர் திரும்பினார். “மேல ஏறிப் பாத்தது யாரு, லெடெஸ்மா ஐயா?”

அப்போது, நேற்று தொட்டி வண்டியை விட்டுவிட்டுக் கடைசி நிலையம்வரை போய்த் திரும்பிய நீராவி என்ஜின் வந்து நின்றது. விஷயம் கேட்ட ஓட்டுநர் டிரான்சித்தோ நெற்றியில் அடித்துக்கொண்டார். “அதானே! நேத்து மேட்டுல என்ஜின் பாரமே இல்லாம கன்னுக்குட்டியா ஓடுச்சு. வழியில கரிச்சூளைக்காரன் இடத்துல இந்த ஸ்டேஷன் மாஸ்டர் வண்டிய ரெண்டு மணி நேரம் நிறுத்தச் சொன்னப்பவே நெனச்சேன்.”

லெடெஸ்மாவின் முகம் செத்துப்போயிற்று. “ஒரே ஒரு தடவைதான் வித்தேன்...” என்றார். கயிறு வைத்திருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். ரூஃபோ ஓடிப்போய்ப் பெலிசாரியோவைத் திறந்துவிட்டான்.

நிகாசியா புருசனைக் கட்டிக்கொள்ளவில்லை. காசியானோவிடம் வந்தாள். “உண்மையக் கண்டுபிடிச்சிட்டீங்க. அத என்ன பண்றது, அண்ணே? பிள்ளை வாயில ஊத்தவா?”

அடுத்த வண்டிக்கு ஆறு நாள் இருந்தது.

டிரான்சித்தோ பிள்ளையைப் பார்த்தார், என்ஜினைப் பார்த்தார். என்ஜின் தண்ணீரில் கைவைத்தால் அன்றோடு வேலை போகும். “நெருப்பக் கீழ தள்ளுடா” என்று கரி அள்ளுபவனிடம் சொன்னார். “இதுல ஆறாயிரம் லிட்டர் இருக்கு. குடத்தக் கொண்டாங்கம்மா.”

காசியானோ தந்தி அறைக்கு ஓடியதை, அவர் ஓடியே பார்த்திராத ரூஃபோ அன்றுதான் முதல்முறை பார்த்தான். தந்திக் கருவி தட்டிற்று: என்ஜினில் தண்ணீர் இல்லை. பாதை அடைபட்டுள்ளது. தண்ணீர் அனுப்புக.

இருபதே நிமிடத்தில் பதில் வந்தது. அன்று மாலையே இரண்டு தொட்டி வண்டிகள் வருகின்றனவாம்.

“மூணு தந்தி அடிச்சோமேண்ணே” என்றான் ரூஃபோ.

“அதுல மனுசங்களுக்குன்னுல்ல கேட்டிருந்தேன்” என்றார் காசியானோ.