குளிர்ப்பெட்டிக்குள் ஒரு குரல்

ஃபோன் அடித்தது.

ஷிரீன் எடுக்கவில்லை. திரையில் ஒரு வரி அவளை முறைத்துக் கொண்டிருந்தது.

பேட்ச் தோல்வி. டிஸ்க்கில் இடமில்லை.

பண்டமாரான் கன்டெய்னர் டிப்போவின் யூனிக்ஸ் சர்வர் அது. எந்தப் பெட்டி எந்த வரிசையில், எந்த அடுக்கில் நிற்கிறது என்று அதற்கு மட்டும்தான் தெரியும். அதிலிருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்க, பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீசில் உட்கார்ந்தபடி பேட்ச் ஏற்ற ஆரம்பித்தாள். பாதியில் நின்றுவிட்டது. கூடவே டிப்போவின் யார்டு சிஸ்டமும் படுத்துவிட்டது.

ஃபோன் விடுவதாக இல்லை. எடுத்தாள்.

"ஷிரீன்... நான் கிஷன்..."

டிப்போ சூப்பர்வைசர். பற்கள் கிடுகிடுவென்று அடித்துக் கொள்ளும் சத்தம் கேட்டது.

"என்ன ஆச்சு கிஷன்?"

"மீன் ஏத்துற குளிர் கன்டெய்னரை செக் பண்ண உள்ள போனேன்... யாரோ வெளிய பூட்டிட்டாங்க. தூக்கி எங்கயோ அடுக்கிட்டாங்க... கை மரத்துப் போச்சு..."

"பெட்டி நம்பர் என்ன?"

"பார்க்கல லா... சிஸ்டத்துல தேடு..."

"சிஸ்டம் டவுன். பேட்ச் பாதியில நிக்குது."

"அதை விடு. பழையபடி திருப்பு... சீக்கிரம்..."

பக்கத்து மேசையருகே ஒரு நாற்காலி கவிழ்ந்தது.

கணக்குப் பிரிவு மாதவி. கிஷனின் மனைவி. ஓடி வந்து ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னங்க... என்னங்க, பேசுங்க..."

"மாதவி... பாப்பாவைப் பார்த்துக்க..."

ஷிரீன் மேசை ஃபோனில் டிப்போ மேனேஜர் கமலநாதனைப் பிடித்தாள்.

"ஆளுங்க கதவு கதவா தட்டிட்டு ஓடுறாங்கம்மா. ஆயிரக்கணக்குல பெட்டி. பொம்பாவுக்குச் சொல்லியாச்சு, தீயணைப்பு வண்டி வருது. நம்பர் இல்லாம அவங்களும் என்ன பண்ணுவாங்க? உன் சர்வர்தான் சொல்லணும்."

பேட்சைத் திரும்ப எடுக்கும் கட்டளையை அடித்தாள்.

தோல்வி. டிஸ்க்கில் இடமில்லை.

திருப்புவதற்கும் இடம் வேண்டுமாம்!

பழைய கோப்புகளை அழித்தாள். கொஞ்சம் இடம் வந்தது. கண்ணெதிரே மறுபடி நிரம்பியது. இன்னும் அழித்தாள். அதுவும் நிரம்பியது.

"ஷிரீன்..." மாதவி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என் புருஷன் செத்துட்டு இருக்காரு. ஏதாவது பண்ணும்மா."

"பண்றேன்க்கா... பண்ணிட்டேதான் இருக்கேன்..."

தப்புத் தப்பாக விழுந்தன எழுத்துகள். இருக்கும் கோப்புகளை எல்லாம் கூட்டிப் பார்த்தாள். டிஸ்க்கில் பாதிகூட வரவில்லை. ஆனால் டிஸ்க் நிறைந்துவிட்டேன் என்கிறது.

அப்படியென்றால்...

பெயர் அழிக்கப்பட்ட ஒரு கோப்பு. பெயர் போனாலும், அதைப் பிடித்துக் கொண்டிருக்கும் ப்ரோக்ராம் விடும் வரை இடம் திரும்பாது. வீட்டைக் காலி பண்ணிவிட்டேன் என்று சொல்லிவிட்டுச் சாவியைத் தராத வாடகைக்காரன் மாதிரி.

யார் அந்த வாடகைக்காரன்?

தேடினாள். கிடைத்தது.

ஷிரீன் திரையருகே குனிந்தாள்.

ப்ரோக்ராமை ஓட்டுகிற பயனர் பெயர்... கிஷன்.

லாகின் செய்த இடம்... டிப்போ கேன்டீன் வைஃபை. இந்தக் கணமும் இணைப்பில் இருக்கிறான்.

கெட்டியான இரும்புப் பெட்டி. பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல ஃபோன் தெளிவாகக் கேட்டதே, அது எப்படி?

பேட்ச் ஏறினால் ஓட்டை அடைபடும்; அதன் வழியாகத் தனக்கு அனுமதியில்லாத பதிவுகளுக்குள் நுழைந்துவந்த அவனால் இனி நுழைய முடியாது. ஏறவிடாமல் டிஸ்க்கை அடைத்திருக்கிறான். சிஸ்டமே படுத்துவிடும் என்று எதிர்பார்க்கவில்லை போலும். பேட்சைத் திருப்ப வைத்துச் சிஸ்டத்தை எழுப்பத்தான் இந்த நடுக்கம், இந்தத் திணறல், பாப்பா...

பக்கத்தில் மாதவி கண்ணை மூடி முணுமுணுவென்று வேண்டிக் கொண்டிருந்தாள்.

அவளிடம் எப்படிச் சொல்வது? ஷிரீனால் முடியவில்லை. கமலநாதனுக்கு ஒரு வாட்ஸ்அப் மட்டும் தட்டினாள்.

'பெட்டிகளை விடுங்க சார். போலீசோட கேன்டீனுக்குப் போங்க. கிஷன் அங்க இருக்காரு.'

ப்ரோக்ராமைக் கொன்றாள். டிஸ்க்கில் இடம் மளமளவென்று திரும்பியது. பேட்சை முதலிலிருந்து ஏற்றினாள்.

"ஷிரீன்... கண்ணு இருட்டுது..."

"இதோ கிஷன். இன்னும் கொஞ்சம் தாங்குங்க."

பேட்ச் ஏறி முடிந்தது. யார்டு சிஸ்டம் எழுந்தது.

"பழையபடி திருப்பிட்டேன் கிஷன்." வாழ்க்கையில் இவ்வளவு நிதானமாக அவள் பொய் சொன்னதில்லை. "சிஸ்டம் வந்துடுச்சு."

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம். படபடவென்று.

மாதவி கண்ணைத் திறந்தாள்.

"என்ன இது..." கிஷனின் குரலில் நடுக்கமே இல்லை. எரிச்சல்தான் இருந்தது. "உள்ள போக முடியலையே?"

மாதவி ஃபோனையே வெறித்தாள்.

"நீங்க உள்ளதானே இருக்கீங்க?"

அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"அண்ணே, ரொட்டி சானாய் ரெண்டு. தே தாரிக் ஒண்ணு."

மாதவி மெல்ல ஷிரீன் பக்கம் திரும்பினாள். ஷிரீன் தலையைக் குனிந்து கொண்டாள்.

"சொல்லு ஷிரீன். எதுவா இருந்தாலும் சொல்லு."

"அவர் எந்தப் பெட்டியிலயும் இல்லைக்கா. கேன்டீன்ல இருந்து பேசுறாரு. பேட்சை நிறுத்தினதும் அவர்தான்."

ஃபோனில் நாற்காலிகள் இழுபடும் சத்தம். கமலநாதனின் குரல்.

"கிஷன், போலீஸ் வந்திருக்கு. லேப்டாப்பை மூடாதே. கையை எடு. திரையிலயே தெரியுது, கஸ்டம்ஸ் பிடிச்சு வெச்ச சிகரெட் கன்டெய்னரைத்தானே வெளிய விடப் பார்த்தே? எத்தனை நாளா நடக்குது இது?"

"சார்... நான் ஒண்ணும்... மாதவி, லைன்ல இருக்கியா? இவங்ககிட்ட சொல்லு மாதவி... சிஸ்டத்துல பிரச்சனை, உள்ள போக முடியல, அதான் பார்த்துட்டு இருந்தேன்..."

மாதவி கன்னத்தைத் துடைத்துக் கொண்டாள். ஃபோனை வாயருகே கொண்டு போனாள்.

"கவலைப்படாதீங்க. போலீஸ் வந்துட்டாங்க இல்ல... இனிமே தாராளமா உள்ள போகலாம்."