உள்ளிருந்து பிடிக்கும் கட்டை

சத்தம் சரியாக வந்தது. அதுதான் இடித்தது.

வெறும் தகட்டில் சுத்தியலைப் போட்டால் தொப்பென்று அமுங்கும். பின்பக்கம் ஒருவன் இரும்புக் கட்டையை அண்டக் கொடுத்துப் பிடித்தால்தான் டங்கென்று எகிறும். டிங்கர் இப்போது தட்டிக்கொண்டிருந்தது காரின் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு. நான்கு பக்கமும் அவனே வெல்டிங் வைத்து மூடியது. விரல் நுழைய வழியில்லை. ஆனாலும் டங்.

மூன்று வாரமாக இந்தப் பழைய கார் அவன் உயிரை எடுக்கிறது. துருவை வெட்டி எறிவான், புதுத் தகடு வைப்பான், பிரைமர் அடித்துவிட்டு வீட்டுக்குப் போவான். காலையில் வந்தால் இணைப்பெல்லாம் பழுப்பாய்க் கசிந்து கிடக்கும். "சனியனே, உனக்கு நான் என்னதான் பாவம் பண்ணேன்?" என்று ஒருநாள் அதைத் திட்டினான். கேட்டுவிட்டு, அவசரமாக வெல்டிங்கைப் பற்றவைத்தான்.

கார் அவன் தம்பியுடையது. பத்து வருடம் இருவரும் இதே ஷெட்டில் ஜோடியாக வேலை பார்த்தார்கள். வெளியே அண்ணன் சுத்தியலோடு, உள்ளே தம்பி கட்டையோடு. போன வருடம் ஜாக்கி வைக்கிற இடம் துருவில் பொத்தலாகிவிட்டது. வெட்டி ஒட்டச் சோம்பல்பட்டு, டிங்கர் அதைப் பட்டிப் பசையால் அடைத்துப் பெயின்ட் அடித்து மறைத்தான். தம்பியிடம் சொல்லவில்லை. தம்பி அங்கேயே ஜாக்கியை வைத்துக் கீழே படுத்தான். கார் அவன் மேல் இறங்கியது; அதோடு போய்விட்டான். ஜாக்கி வழுக்கிவிட்டது என்றார்கள். டிங்கரும் அதையே சொன்னான்.

இன்று தம்பி மனைவி காரை விற்க எடுத்துப்போக வருகிறாள். வாங்கப்போகிறவன் மெக்கானிக்கோடு குனிந்து பார்ப்பான். அதற்குள் அந்தப் பொத்தலின் சுவடுகூட மிஞ்சக் கூடாது.

மத்தியான மழை தகரக் கூரையில் இரைந்தது. கருகிய பெயின்ட் நாற்றமும் ஈரத் துருவின் வாடையும் தொண்டையில் அப்பியிருந்தன. பல்லிடுக்கில் இரும்புத்தூள் நறநறக்க, எரிச்சலோடு அவன் மறுபடி ஓங்கினான். டங். இரண்டு அங்குலம் தள்ளி அடித்தான். டங். உள்ளே இருந்த கட்டை சுத்தியல் போகும் இடத்துக்கெல்லாம் கூடவே நகர்ந்தது.

சுத்தியலைக் கீழே வைத்தான்.

டக் டக்.

தம்பியின் சைகை. நான் தயார், நீ அடி.

டக் டக்.

"யாருடா?" என்று தகட்டின் பக்கம் குனிந்தான். தட்டி நேராக்கிய தகட்டில் ஒரு புடைப்பு எழுந்தது. உள்ளிருந்து வெளியே. பக்கத்தில் இன்னொன்று. அதன் நுனியில் பழுப்பு நீர் முத்துக் கட்டியது.

"மாமா."

வாசலில் தம்பி மனைவி. குடையை மடக்கிக்கொண்டிருந்தாள்.

"வேலைக்கு ஆள் வச்சிருக்கீங்களா? உள்ள தட்டுற சத்தம் கேட்டுச்சே."

"ஆளெல்லாம் இல்லம்மா. கூரை ஒழுகுது."

டக் டக்.

அவள் நின்றாள். "அவரு வீட்டுக் கதவை இப்படித்தான் தட்டுவாரு."

"காத்துக்கு ஏதோ ஆடுது. நீ நாளைக்கு வா."

"இன்னிக்கின்னுதானே சொன்னீங்க?"

"கிட்ட போகாதம்மா. பெயின்ட் ஈரம்."

அவள் கேட்கவில்லை. காரின் ஓரமாக மண்டியிட்டாள். ஜாக்கி வைக்கும் இடத்துக்கு மேலே, புடைத்த தகட்டில் காதை வைத்தாள்.

தட்டல் நின்றது. மழை மட்டும் பெய்தது.

பிறகு தகட்டுக்குள் ஏதோ உராய்ந்தது. மெதுவாக. நிறுத்தி நிறுத்தி. ஆள் பேசுவதுபோல.

"உம்," என்றாள் அவள்.

உராய்ந்தது.

"உம்."

துரு நீர் அவள் கன்னத்தில் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. துடைக்கவில்லை. கதை கேட்கிறவள்போல உம் கொட்டிக்கொண்டே இருந்தாள். தலை அசையவில்லை. கண்கள் மட்டும் மெல்லத் திரும்பி டிங்கரின் மேல் வந்து நின்றன.